துவர்ப்பு போனால் என்ன மிச்சம்? - 20 வயது பிரெஞ்சு ஒயினுக்குத் தீர்ப்பு சொன்ன அனுபவம்!

துவர்ப்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு வாழைப்பூ, நெல்லிக்காய், அப்புறம் பாட்டி வெந்நீரில் கலந்து வலுக்கட்டாயமாகக் கொடுக்கும் கடுக்காய்ப் பொடி. ஆறு சுவைகளில் யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்காதது இதுதான். கசப்புக்குக்கூட பாகற்காய் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தத் துவர்ப்பை வைத்துத்தான் பிரான்ஸில் ஒரு பெரியவரின் ஒயினுக்கு நான் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறாள். கடந்த நவம்பரில் லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். அவள் பக்கத்து வீட்டில் 78 வயதுத் தாத்தா ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சொந்த ஊர், துலூஸுக்கு வடக்கே 110 கிலோமீட்டர் தூரத்தில் லோட் ஆற்றங்கரையில் இருக்கும் காஓர். அந்த ஊர் சிவப்பு ஒயினுக்குப் பழைய பெயரே ‘கறுப்பு ஒயின்’. அவ்வளவு அடர்த்தியான நிறம். மால்பெக் என்ற திராட்சையில் செய்வது. இன்று மால்பெக் என்றால் உலகம் அர்ஜென்டினாவைத்தான் சொல்கிறது, பூர்வீகம் என்னவோ பிரான்ஸின் இந்தத் தென்மேற்கு மூலைதான்.

தாத்தா வீட்டு நிலவறையில் 2005-ம் ஆண்டு அறுவடையில் செய்த காஓர் ஒயின் ஆறு பாட்டில்கள் மிச்சமிருந்தன. வரும் கோடையில் வீட்டை விற்றுவிட்டு, லியோனில் மகளின் அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோகிறார். அங்கே நிலவறை கிடையாது. ஜூலை வெயிலில் அலமாரிக்குள் இந்தப் பாட்டில்கள் வெந்துபோகும். வேறு யாருடைய நிலவறையிலாவது வைத்து இன்னும் சில வருடங்கள் முதிரவிடுவதா, போவதற்குள் குடித்துத் தீர்ப்பதா? “ஒன்றைத் திறக்கலாம். உன் தங்கை சொல்லட்டும்” என்றார்.

ஒயினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. 2001-ல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர், ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் ருசியில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கும் நாக்கும் கேட்டுக்கொண்டன. “எனக்கு லேபிள் தெரியும், வருஷம் தெரியும், விலை தெரியும். என் நாக்கை நான் நம்ப மாட்டேன்” என்றார் தாத்தா. அக்கா மொழிபெயர்த்தாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மதுவுக்கு நல்ல பெயர் கிடையாது. தாய்மாமாவை 41 வயதில் கல்லீரல் நோய் கொண்டுபோனது. அம்மா இன்றும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். அதனால் அக்கா கிளாஸையே தொடவில்லை. “நான் டிரான்ஸ்லேஷன் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டாள். நான் கேட்டது ஒன்றுதான்: “துப்பலாமா?” தாத்தா சிரிக்கவில்லை, சங்கடப்படவும் இல்லை. எழுந்து போய் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். தொழில்முறையாக ருசி பார்ப்பவர்கள் ஒரே நாளில் பல பத்து ஒயின்களைப் பார்ப்பார்கள். எல்லாருமே துப்புகிறவர்கள்தான். விழுங்கினால் மூன்றாவது மணி நேரத்தில் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது! (ஒயின் நாடான பிரான்ஸிலும் 1991-ல் வந்த எவன் சட்டப்படி, மது விளம்பரத்தில் ‘அளவு மீறினால் உடல்நலத்துக்கு ஆபத்து’ என்ற வரி கட்டாயம்.)

முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார். நிலவறையில் பாட்டில்கள் படுத்திருக்கும், கார்க் காய்ந்து காற்று உள்ளே போகக் கூடாது என்பதற்காக. 12, 13 டிகிரி குளிர், இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம், எல்லாவற்றுக்கும் மேல் ஆட்டம் அசைவில்லாத அமைதி. 20 வருடத்தில் பாட்டிலின் ஒரு பக்கமாகப் படிந்த வண்டல் அடியில் இறங்கத்தான் அந்த ஒரு நாள். கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி வெளிச்சம் வைத்து, வண்டல் எட்டிப் பார்த்த கணத்தில் ஊற்றுவதை நிறுத்தினார். ஆற்றிய பாலை ஆடை விழாமல் ஊற்றும் டீ மாஸ்டரின் நிதானம்.

வெள்ளை மேஜை விரிப்பின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் நாவல்பழக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். இளம் ஒயினாக இருந்தால் ஓரம் ஊதாவாக இருக்குமாம். அப்புறம் வாசனை. முதலில் ஆட்டாமல், பிறகு லேசாகச் சுழற்றி. எனக்கு முதலில் வந்தது பழமே இல்லை. தோல்! புதுத் தோல் பை வாசனை.

நான் வாணியம்பாடிக்காரி. தோல் வாசனையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சொன்னதும் தாத்தா தலையாட்டினார். முதிர்ந்த சிவப்பு ஒயினின் அடையாளங்களில் அது ஒன்றாம். அதன் பின்னால் உலர்ந்த அத்திப்பழம், புகையிலை, மழை விட்ட மறுநாள் தோப்பில் கிடக்கும் சருகு. ஈரமான அட்டைப்பெட்டி வாடை வருகிறதா என்று தனியாகக் கேட்டார். வந்தால் கார்க் கெட்டுவிட்டது என்று அர்த்தம், மேற்கொண்டு பேச எதுவுமில்லை. வரவில்லை.

வாயில் ஒரு சின்ன மடக்கு. உதட்டைக் குவித்து, காற்றையும் சேர்த்து ‘சர்ர்’ என்று உறிஞ்ச வேண்டும். ரசத்தை அப்படி உறிஞ்சினால் அம்மாவிடம் அடி விழும். தாத்தா பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்கா திணறினாள். “நாக்கு மேலண்ணத்துல ஒட்டுதான்னு கேக்கறார்... வறண்டு போகுதா... ஐயோ, துவர்ப்புடி!” இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது, ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழவழப்பை எடுத்துவிடும். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் அதனால்தான், பாலின் புரதம் முந்திக்கொள்கிறது. அந்தப் பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட அதே வேதியியல்! இளம் காஓர் ஒயினில் இந்தத் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். வருடங்கள் போகப்போக டானின் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிடும். நிறம் இறங்குவதும் அப்படித்தான். வாயில் முரடு குறையும்.

ஆனால் பழமும் கூடவே இறங்கும். முழு வழக்கும் இங்கேதான் இருக்கிறது. துவர்ப்பு அடங்கும் வரை பொறுக்க வேண்டும், பழம் செத்துப்போகும் வரை பொறுக்கக் கூடாது. இந்த ஒயினில் துவர்ப்பு, பொடித்த கோகோ மாதிரி நாக்கில் மெல்லப் படிந்து அடங்கிவிட்டது. புளிப்பு இன்னும் நிமிர்ந்து நின்றது. பழம் இருந்தது, ஆனால் அத்தியும் உலர்ந்த பிளம்மும்தான், புதுப் பழமாக எதுவும் இல்லை. துப்பிய பிறகு ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். அந்த விநாடிக்குப் பிரெஞ்சில் ‘கோதாலி’ என்று தனிப்பெயரே உண்டு. நான் 12 வரை எண்ணினேன். முதல் மடக்கில். அரை மணி நேரம் கழித்து எண்ணியபோது எட்டு.

அந்த அரை மணியில் அவர் சொன்ன கதை இது. 1956 பிப்ரவரி உறைபனியில் காஓர் பகுதியின் திராட்சைக் கொடிகள் கிட்டத்தட்ட மொத்தமும் செத்துப்போயின. இவருக்கு எட்டு வயது. அப்பா தோட்டத்தில் கொடியை வெட்டி வெட்டிப் பார்த்தாராம், எதிலும் பச்சை இல்லை. பலர் தொழிலை விட்டுப் போனார்கள், இவர் குடும்பமும்தான். மிஞ்சியவர்கள் மறுபடி நட்டு வளர்த்து, 1971-ல்தான் காஓர் ஒயினுக்கு அரசின் தோற்ற இட முத்திரை கிடைத்தது.

அதைக் கேட்ட பிறகு ‘இனி இது ஏறாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “என்னடி தோணுது, உள்ளதைச் சொல்லு” என்றாள் அக்கா. சொன்னேன். நல்ல ஒயின், உச்சியில் நிற்கிறது, அரை மணியிலேயே இறங்கத் தொடங்குகிறது, வைத்திருப்பதால் லாபமில்லை, இப்போதே.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு துண்டு ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸை வாயில் போட்டுக்கொண்டு, தன் கிளாஸை முடித்தார். பிறகு நிலவறைக் கணக்கு நோட்டை எடுத்து அந்த வரியில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

போன வாரம் அக்கா பேசினாள். மூன்றாவது பாட்டிலும் திறந்தாயிற்றாம். ஒரே பெட்டியில் வந்தவையும் ஒன்றுபோல் முதிர்வதில்லை. அது ஒரு மணி நேரம் அசையாமல் நின்றதாம். “உன் தங்கையிடம் மறக்காமல் சொல்” என்றாராம்.