கூடாரத்து மிளகாயும் காற்றின் ஈரமும்

பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் பழைய ஆசிரியர்களையும் பழைய துடுப்பாட்டப் போட்டிகளையும் பற்றியனவாகவே அமையும். அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் இம்மலரிற் பலருளர். ஆதலின், கனடா நாட்டிலே ரொறன்ரோ நகரில், எமது இல்லத்து நிலக்கீழறையில், நான்கடிச் சதுரமும் ஆறரையடி உயரமுமுடைய ஒரு துணிக் கூடாரத்தினுள்ளே மிளகாய் வளர்த்துவரும் வரலாற்றைக் கூற முற்படுகின்றோம்.

கூடாரம் என்றதும் சாரணர் பாசறை நினைவுக்கு வருதல் இயல்பு. இஃது அதுவன்று. உட்புறம் வெள்ளிபோல் ஒளிதெறிக்குந் துணி, உச்சியில் விளக்கு, மேலே காற்றை வெளியே இழுக்கும் விசிறி, கீழே காற்றுப் புகுதற்கு வாயில். அவ்வளவே. இந்நாட்டிற் கஞ்சாச் செடி வளர்த்தல் 2018ஆம் ஆண்டிற் சட்டத்துக்கு உடன்பாடாயிற்று. இத்தகைய கூடாரங்களை வாங்குவோர் பலர் அச்செடிக்காகவே வாங்குவர். நரைத்த தலையோடு கடைக்குச் சென்று, மிளகாய்க்கென்று நாம் சொன்னபொழுது, விற்பனை செய்த இளைஞர் நம்பினாரல்லர்.

கடையில் மிளகாய் மலிந்து கிடக்க இத்துணை முயற்சி எதற்கு என்று வினவலாம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபொழுது, எமது அன்னையார் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த பொருள்களுள் ஒரு பிடி மிளகாய் விதையும் இருந்தது. தங்கிய வளவுதோறும் அதனை விதைத்துக் காய்பறித்து மறுபடியும் விதையெடுத்தார். அவர் மறைந்தபின் அவ்விதையைப் பேணுவோர் எம் உறவினருள் வேறெவருமிலர். சாதாரணமாக வைத்திருக்கும் மிளகாய் விதையின் முளைதிறன் மூன்று நான்கு ஆண்டுகளிற் குன்றத் தொடங்கும். வெளித் தோட்டத்தில் வளர்க்கலாமெனின், அயல்வீட்டார் வளர்க்கும் பலவினக் குடைமிளகாய்களின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து கலந்துவிடும். கூடாரத்தினுள் தேனீ இல்லை, கலப்புமில்லை. ஆனால் தேனீயின் வேலையைக் காற்றே செய்தல் வேண்டும். காற்று அதனைச் செய்யுமோ செய்யாதோ என்பது காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தது.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்று வித்தாகவல்லது. சிறு விசிறியொன்று செடியை அசைத்தாற் போதும், துகள் உதிர்ந்து குறியிற் படியும். சாரீரப்பதன் நூற்றுக்கு 80ஐக் கடப்பின் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உதிரமாட்டா. மிகத் தாழ்ந்தாலோ குறி உலர்ந்து, பூ காம்போடு கழன்று விழும். ஆதலின் 50க்கும் 65க்கும் இடையில் நிறுத்த முயல்கின்றோம்.

முயல்கின்றோம் என்றோம், அதன் அருமையைக் கணக்கே காட்டும். எமது கூடாரம் ஏறத்தாழ 3 கனமீற்றர் கொள்ளும். 25 பாகை சதம அளவை வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் வளி உச்ச அளவாக 23 கிராம் நீராவியையே தாங்கும். ஆகவே சாரீரப்பதன் 60 ஆக இருக்கும்பொழுது கூடாரத்து வளி முழுவதிலும் உள்ள நீர் 40 கிராம் அளவினதே. மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. செடிகளுக்கோ நாள்தோறும் இரண்டு இலீற்றர் வார்க்கின்றோம். செடி உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு ஆவியுயிர்ப்பினால் இலைவழியே வெளியேறிவிடும். வார்த்த நீரெல்லாம் காற்றாகவே திரும்பி வருகின்றதென்று சொல்லினும் பொருந்தும். அதனை வெளியேற்றும் விசிறி ஒரு மணிநேரம் நின்றாலே துணிச்சுவர் வியர்க்கும்.

அதனினும் பெரிய இடர் விளக்கணைந்த பின்னர் நேர்வது. விளக்கணைய வெப்பநிலை 25இலிருந்து 18க்கு இறங்கும். ஒரு துளி நீரும் புதிதாகச் சேராமலே, அதே வளியின் சாரீரப்பதன் 60இலிருந்து 90க்கு ஏறிவிடும். குளிர்ந்த வளி தாங்கவல்ல ஆவி குறைவாதலின். பௌதிகவியல் வகுப்பில் ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானிகளை வாசித்து, அட்டவணை பார்த்து, பனிபடுநிலை எழுதிய அதே பாடந்தான். அன்று அது சோதனைக்குரிய ஐந்து புள்ளியாகத் தோன்றிற்று.

அந்த இருள்வேளையிலேயே சாம்பனிறப் பூஞ்சணம் பற்றுகின்றது. உதிர்ந்தும் உதிராமலும் பிஞ்சின் நுனியில் ஒட்டிக்கிடக்கும் வாடிய இதழே அதன் முதல் இருப்பிடம். அங்கிருந்து பிஞ்சுக்கும் கிளைக்கும் பரவும். ஆதலால் நாள்தோறும் வாடிய இதழ்களைக் கையாற் பொறுக்குகின்றோம். மருந்தடிப்பதினும் இது மேலென்பது எமது துணிபு.

மற்றை ஏற்பாடுகள் எளியன. நீரை விளக்கேற்றியவுடன் வார்க்கின்றோம், அணைக்குமுன் வார்ப்பதில்லை. விசிறியை இருளிலும் நிறுத்துவதில்லை. விளக்கை இரவில் எரித்துப் பகலில் அணைக்கின்றோம். பகலில் வீடு வெம்மையாயிருத்தலின் செடிகளின் “இரவு” அத்துணைக் குளிராது. இரவில் மின்கட்டணமுங் குறைவு. அவ்வாறு 18க்குப் பதிலாக 21 பாகையில் நின்றாலே, 90 ஆகவேண்டிய சாரீரப்பதன் 75 அளவில் அடங்கும். ஆடி மாதப் புழுக்கத்தில் மட்டும் ஈரமகற்றும் பொறியை இயக்குகின்றோம். அதுவும் கூடாரத்துக்கு வெளியே, அறையில். உள்ளே வைத்தால் அதன் சூடு செடிகளுக்கு ஆகாது. தை மாதத்தில் நிலைமை தலைகீழ். வெளியே உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக் குளிரிலுள்ள வளியை வீட்டினுட் கொணர்ந்து வெப்பமேற்றினால் அதன் சாரீரப்பதன் பத்துக்கும் கீழே போய்விடும். அப்பொழுது விசிறியின் வேகத்தைக் குறைத்துச் செடிகள் விடும் ஈரத்தையே காத்துக்கொள்ளல் வேண்டும்.

இத்தனைக்கும் அளவுகருவி மெய் சொல்லுதல் வேண்டுமே! மலிவான ஈரமானிகள் பத்துப் புள்ளிவரை பொய் சொல்வதுண்டு. அவற்றைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு மூடியிற் கறியுப்பை இட்டு, கரையாமற் களியாக நிற்கும் அளவுக்குச் சிறிது நீர் தெளித்து, ஈரமானியோடு ஒரு போத்தலில் இறுக மூடி ஒருநாள் விட்டாற் கருவி 75 காட்டல் வேண்டும். மிகினுங் குறையினும் அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு கழித்தோ கூட்டியோ வாசிக்கலாம். மாரிகாலத்தில் எமது அன்னையாரின் உப்புச்சட்டி கசிந்து நீர்விடுவதும் இதே எல்லையைக் கடக்கும்பொழுதுதான். சட்டி கசிந்தால் அவர் வற்றல் மிளகாயை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார். ஈரமானியை அவர் கண்டதில்லை.

சென்ற மாரியில் எட்டுச் செடிகள் பூத்தன. நன்கு பழுத்தவற்றிலிருந்து மட்டும் விதையெடுத்து, நிழலில் உலர்த்தி, மூன்று பொதிகளாக்கினோம். ஒன்று அடுத்த விதைப்புக்கு. ஒன்று குளிர்பெட்டியிற் சேமிப்புக்கு. மூன்றாவது பொதி கல்லூரி விவசாயத் தோட்டத்துக்கு உரியது. விதை கடல்கடப்பதற்குரிய தாவர நலச் சான்றுக்கும் இலங்கையின் இறக்குமதி அனுமதிக்கும் விண்ணப்பித்திருக்கின்றோம். வந்து சேருமாயின் மாணவர்களுக்குக் கூடாரமும் விளக்கும் வேண்டா. பிறவினத்துக்கு எட்டத்தே ஒரு பாத்தியும், பூக்கும் வாரங்களில் மாரி பிடியாதவாறு நாற்றிடும் நாளும் பார்த்துக்கொண்டாற் போதும். நாளைத் தோட்டக்காரர் சொல்வர்.