ஆட்ட இடைவேளையில் அஸ்ர்



2024 ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி, தோஹாவில் பணிபுரியும் என் மச்சான் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். பதினான்கு வயது மகனும் உடன் வந்திருந்தான். ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் ஜனவரி 12ஆம் தேதி கத்தாரில் தொடங்கவிருந்தன. அது எனக்குத் தெரியாது. என் மகனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நாங்கள் சென்ற மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் மத்ரஸாவில் ஓதிய மாணவர். "உஸ்தாத், நீங்கள் வந்திருப்பதாக உங்கள் மச்சான் சொன்னார்கள். சனிக்கிழமை இந்தியா ஆஸ்திரேலியாவோடு ஆடுகிறது. தம்பியையும் அழைத்துக்கொண்டு போய் வருவோமா?" என்றார். பெயரைக் கேட்டதும் நான் சற்று நேரம் பேசவில்லை.

எங்கள் காயல்பட்டினத்தை அறிந்தவர்களுக்கு அங்கே கால்பந்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது எங்கள் பிள்ளைகளுக்குப் பந்துக்கு உரியது. அப்படியொரு மாலையில், மஃரிப் ஜமாஅத் முடிந்த பின், காலெல்லாம் மண்ணோடு இந்த மாணவர் மத்ரஸாவுக்குள் நுழைந்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. எனக்கு முப்பது, புதிதாகப் பட்டயம் பெற்ற வேகம். பிள்ளைகள் அனைவர் முன்னும் அவரை நிறுத்தி, "பந்தை வணங்குபவனுக்குக் கிதாபு எதற்கு?" என்று கேட்டேன். மேலும் ஒரு வாரம் வந்தார். பிறகு வரவில்லை.

ஆகவே அந்த அழைப்பை மறுக்கவும் என்னால் இயலவில்லை, மகிழ்ச்சியோடு ஏற்கவும் இயலவில்லை. குறைந்த விலைச் சீட்டு 25 ரியால் என்றார். நுழைவுச் சீட்டு வருவாய் பாலஸ்தீன நிவாரணத்திற்கு வழங்கப்படும் என்று போட்டி அமைப்பாளர்கள் அறிவித்திருப்பதையும் சொன்னார். அந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டு சம்மதித்தேன். உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பே மகனின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தேன், காரணம்தான் தேவைப்பட்டது.

வியாழன் இரவு பணி முடிந்து அவர் வீட்டிற்கு வந்தார். கையில் ஒரு தாள். அதில் ஆட்ட நேரத்தைவிடத் தொழுகை நேரங்களே முதலில் எழுதப்பட்டிருந்தன. ஆட்டம் பிற்பகல் 2.30க்குத் தொடங்கும். ஜனவரி நடுவில் தோஹாவில் அஸ்ர் நேரம் 2.45ஐ ஒட்டி நுழைகிறது. மஃரிப் 5 மணி கடந்த சில நிமிடங்களில். அதாவது, ஆட்டம் தொடங்கும்போது அஸ்ருக்கு இன்னும் நேரம் நுழைந்திருக்காது. முடியும்போது 4.25 ஆகும். நேரம் மீதமிருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் வெளியேறி மெட்ரோ நிலையம் நோக்கி நடக்கும் வரிசையில் மாட்டிக்கொண்டால் அந்த மீதம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

"வாப்பா, நாம் முஸாஃபிர்தானே? லுஹரோடு சேர்த்து ஜம்உ செய்துகொள்ளலாமே?" என்று மகன் கேட்டான். பாடம் சொல்லிக்கொடுத்ததன் பலன் சில வேளைகளில் இப்படித் திரும்பி வரும். வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணம் கொண்டவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் பயணச் சலுகை இல்லை. பத்து நாள் தங்க வந்த நாம் முகீம்கள் என்று விளக்கினேன். "அப்படியானால் இடைவேளைதான்" என்றார் மாணவர்.

அவர் ஏற்கெனவே அனைத்தையும் யோசித்திருந்தார். வீட்டிலேயே லுஹர் தொழுது, அதே உளூவைக் காத்துக்கொள்வது. மதிய உணவுக்குப் பின் தேநீரைக் குறைத்துக்கொள்வது (இதை என்னிடம் சொல்லத் தயங்கி மகனிடம் சொன்னார்). சோதனையில் தாமதிக்காதிருக்கப் பை எதுவும் எடுக்காதது. வரிசையின் நடுவே அல்லாமல் நடைபாதையை ஒட்டிய இருக்கைகள். அரங்கினுள் நுழைந்ததும் இருக்கையைத் தேடும் முன் தொழுமிடத்தைத் தேடுவது. குடும்பத்தோடு செல்ல எண்ணும் சகோதரர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான தொழுமிடம் எந்தப் பக்கம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கூட்டம் எழுந்த பிறகு கேட்டால் பணியாளர் கைகாட்டும் திசைகூடத் தெரியாது.

சனிக்கிழமை மன்சூராவில் மெட்ரோ ஏறினோம். பச்சைத் தடத்தின் ஒரு முனை அது. மறுமுனை அல் ரிஃபா. அங்கே இறங்கி நடந்தால் அகமது பின் அலி அரங்கம். வண்டி மாற வேண்டியதில்லை. ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் நீலச் சட்டைகளே நிறைந்திருந்தன. எங்களைச் சுற்றிலும் மலையாளமே கேட்டது. ஆடுகளத்தில் நடுவராக நின்றவர் ஜப்பானியப் பெண்மணி யோஷிமி யமாஷிதா. ஆசியக் கோப்பையில் பெண் ஒருவர் நடுவராக இருப்பது இதுவே முதல் முறை என்று மகன் சொன்னான்.

முதல் பாதியில் சுனில் சேத்ரி தலையால் முட்டிய பந்து கம்பத்திற்கு வெளியே சென்றபோது நானும் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்பது நினைவில்லை. இந்தியா கோல் எதுவும் விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. 43ஆவது நிமிடத்தில் மாணவர் எழுந்தார். பந்து நம் கோலின் முன்னே இருந்தது. "இரண்டு நிமிடம்தானே, முடியட்டும்" என்றது என் மகன் அல்ல, நான். "வரிசை நீண்டுவிடும், உஸ்தாத்" என்றார் அவர், மிக மரியாதையாக.

தொழுமிடத்தில் ஒரு ஜமாஅத் முடிந்து அடுத்தது அமைந்துகொண்டிருந்தது. என்னை முன்னே நிற்கச் சொன்னார்கள். நான் அவரை நிறுத்தினேன். மறுத்தார்; பின்னர் நின்றார். அஸ்ரில் கிராஅத் மெதுவாக ஓதப்படுவது. அவருக்கு எவ்வளவு மனனம் எஞ்சியிருக்கிறது என்பதை அறிய எனக்கு வழியில்லாமல் போயிற்று.

திரும்பி வந்து அமர்ந்த சிறிது நேரத்தில், 50ஆவது நிமிடத்தில், ஆஸ்திரேலியா முதல் கோலை அடித்தது. 73ஆவது நிமிடத்தில் இன்னொன்று. அந்தத் தொடரில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பது பின்னால் வந்த கவலை.

வெளியே மெட்ரோ வரிசை வளைந்து வளைந்து நகர்ந்தது. மகன் இரண்டடி முன்னே நின்றான். அங்கேதான் கேட்டேன். அந்த மாலையை நினைவிருக்கிறதா என்று தொடங்கி, மாஃப் செய்யும்படி கேட்டேன். அவர் கீழே பார்த்தார். "எப்போதோ மன்னித்துவிட்டேன், உஸ்தாத். ஆனால் ஒன்று. அன்று மைதானத்திலேயே நாலைந்து பேர் மஃரிபை ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டுத்தான் வந்தோம். சொல்ல வாய்க்கவில்லை."

பதினாறு ஆண்டுகள். நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. மகன் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் முன்னே பார்த்தான். கேட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

ரயிலில் ஓர் இருக்கை கிடைத்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். மன்சூரா வந்து பள்ளிவாசலை அடைந்தபோது மஃரிபின் முதல் ஜமாஅத் முடிந்திருந்தது. மூவரும் ஓர் ஓரமாக நின்றோம். "காக்கா, நீங்களே நில்லுங்கள்" என்று மகன் அவரிடம் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். முதல் ரக்அத்தில் அவர் சூரா ழுஹாவை ஓதினார். அந்தச் சூராவை அவருக்கு ஓதிக்கொடுத்தவன் நான். மூச்சு எட்டாத சிறு பிள்ளைகளுக்காக நான் எங்கெங்கே நிறுத்தச் சொல்லியிருந்தேனோ, அங்கெல்லாம் அவர் இன்னமும் நிறுத்தினார்.