காது போடும் செங்குத்துக் கோடு

எதை வரைந்தாலும் செங்குத்துக் கோடு ஒன்றைத்தான் முதலில் போடுவேன். சுவரின் மூலை, கதவு நிலை, மின்கம்பம், எதுவாவது ஒன்று தாளில் நிமிர்ந்து நின்றுவிட்டால் மற்றவை அதைப் பார்த்துத் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டில் சின்னது ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். நூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலுக்கும் சுவருக்கும் நடுவே தெரியும் இடைவெளியைப் பார்ப்பேன். பழைய சுவர் எதுவும் நேராக நிற்பதில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் பலகையும் வண்ணப்பெட்டியுமாகக் கிளம்புவோம். மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் களியக்காவிளை, பாறசாலை, அப்புறம் உதியன்குளங்கரை. அதற்கும் அப்பால் அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளப் பக்கம் நின்றுவிட்டது. வரைகிறவனுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே வெட்டுக்கல் மதில், அதே ஏத்தன் வாழை, ஓட்டுக்கூரையில் அதே பாசி. கடைப்பலகையின் எழுத்துதான் மாறும். மலையாள எழுத்தின் உருண்டைகள் தூரிகைக்கு வாகானவை. தமிழ் எழுத்தின் மூலைகளுக்குப் பேனாதான் சரி. இது என் கட்சி, யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

உதியன்குளங்கரையில் இறங்கி உள்ளே திரும்பினால் செங்கல் என்ற ஊர். அங்கே மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் 111 அடி உயரச் சிவலிங்கம் எழுப்பியிருக்கிறார்கள். 2019-ல் திறந்தது. உள்ளே நிலை நிலையாக ஏறிப் போகலாம். கும்பிட வருகிறவர்களுக்கு அது தரிசனம். வரைய வருகிறவர்களுக்குக் கடும் பரீட்சை. காரணம், அது உருளை. உருளையின் வட்டங்கள் கண்மட்டத்தில் நேர்கோடாகப் படுத்துவிடும். மேலே போகப்போக வில்லாக மேல்நோக்கி வளையும். உயரம் கூடக்கூட வளைவும் கூடும். இந்த வளைவு கொஞ்சம் பிசகினாலும் லிங்கம் தட்டையான பலகையாகிவிடும்.

உயரமானதை வரைய எல்லாரும் சொல்லித் தருகிற கணக்கு ஒன்று உண்டு: உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நில். 111 அடிக்குச் சுமார் 220 அடி. அங்கிருந்து பார்த்தால் கழுத்தை அசைக்காமலே முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். ஆனால் அவ்வளவு தள்ளிப் போனால் அந்தப் பிரமாண்டம் போய்விடும், அழகான தபால் அட்டை மிஞ்சும். அடிவாரத்தில் நின்று, மேலே போகப்போகக் குறுகும் இரண்டு விளிம்புகளையும் துணிந்து குறுக விட்டால்தான் பார்க்கிறவர் கழுத்தும் வலிக்கும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

தலையைப் பின்னால் சாய்த்து உச்சியைப் பார்த்தேன். உச்சி நகர்ந்தது. உடனே வானம், லிங்கம், மதில் எல்லாம் ஒரே திசையில் ஓடின. ஓடி முடிக்காமலே மறுபடி முதலிலிருந்து ஓடின. நினைவு தப்பவில்லை. பென்சில்கூடக் கையில்தான் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நின்றது. அப்பாடா என்று பக்கத்திலிருந்த நண்பரைத் திரும்பிப் பார்த்தேன், மறுபடி சுற்றியது. பிறகு வாந்தி. காலையில் சாப்பிட்ட ஆப்பமும் கடலையும் அங்கேயே போயின.

ஆட்டோவில் ஏற்றி உதியன்குளங்கரை முக்கில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைக்காரச் சேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "தல கறங்குதா அண்ணா? கண்ண மூடாண்டாம். ஒரே எடத்துல பாத்துட்டு இரிங்க" என்றார். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஒரு டம்ளர் வந்தது. அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தினால் காதிலிருந்து கிளம்பும் சுற்றல் ஓரளவு அடங்கும். எதிர்க்கடையின் கதவு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்காதே. சின்ன நோட்டை மடியில் வைத்து அந்தக் கதவையும், பக்கத்துத் தூணையும், மேலே தொங்கிய பல்பையும் பேனாவால் போட்டேன். தலை ஆடாமல் வரைய வேண்டியிருந்ததால் கோடுகள் சிக்கனமாக விழுந்தன. அன்று உருப்படியாக நடந்த வேலை அதுதான்.

அங்கிருந்து கூட்டிப்போன மருத்துவமனையில் இருந்தது ஒரு இளம் டாக்டர். என் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். உலகம் மீண்டும் ஓடியது. அவர் என் கண்மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை துடிக்கும் விதத்தை வைத்து எந்தக் காது என்று சொல்லிவிடலாமாம். பிறகு தலையை இன்னொரு பக்கம், அப்புறம் உடம்போடு சேர்த்து உருட்டி, நிலைக்கு அரை நிமிடம் முக்கால் நிமிடம் என்று நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். இதற்கு எப்ளி முறை என்று பெயர். ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் கண்டுபிடித்தது. சக மருத்துவர்கள் முதலில் அவரை நம்பவில்லை. அவருடைய விரிவான கட்டுரை வெளிவந்தது 1992-ல். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, தலையை உருட்டுவதுதான் வைத்தியம் என்றால் யார்தான் உடனே நம்புவார்கள்?

காதுக்குள்ளே மிக நுண்ணிய கற்கள் இருக்கின்றன. அவை ஒரு பசை மீது உட்கார்ந்து புவியீர்ப்புக்கு ஏற்ப அழுத்திக்கொண்டிருக்கும். கீழே எது, மேலே எது என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. கொத்தனாரின் தூக்குக்குண்டு போலத்தான். அவற்றில் சில உதிர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைச் சாய்க்கும்போது உருண்டு, அங்குள்ள திரவத்தை அசைத்து, நாம் சுழல்வதாகப் பொய் சொல்லும். அண்ணாந்து பார்ப்பதும் படுக்கையில் புரள்வதும் இதைத் தூண்டும். கல் எதனால் ஆனது என்று கேட்டேன். கால்சியம் கார்பனேட் என்றார் டாக்டர். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் காற்றில் இறுகிக் கடைசியில் ஆவதும் கால்சியம் கார்பனேட்தான். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்கள் உட்கார்ந்திருக்கும் தளம் அது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அதை நினைத்து எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நண்பர்கள் பயந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்தபின் சாயாக்கடையில் போட்ட படத்தின் மேல் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கதவு, தூண், பல்பு எல்லாமே ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்திருந்தன. கை நடுங்கியிருந்தால் ஆளுக்கொரு திசையில் போயிருக்கும். இது அப்படியில்லை; உள்ளேயிருந்த அளவுகோலே சற்றுத் திரும்பியிருக்கலாம். இதை அளக்க மருத்துவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துகிறார்கள். வாளியின் அடியில் ஒரு கோடு. முகத்தை வாளிக்குள் வைத்துக்கொண்டு, வெளியே வேறெதுவும் தெரியாமல், கோடு நேரானதும் சொல்ல வேண்டும். நலமாக இருப்பவர் இரண்டு டிகிரி அளவுக்கு மேல் பெரிதாகத் தவறுவதில்லை. ஓவியப் பள்ளிகளில் இதை ஏன் செய்து பார்க்கக் கூடாது? கண்ணும் கையும் என்றே காலமெல்லாம் சொல்லித் தருகிறோம். செங்குத்துக் கோட்டைப் போடுவதில் காதுக்கும் பங்குண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை.

வெளியே வரையப் போய் உடம்புக்கு முடியாமல் போனவர்களின் கதை என்றால் பிரெஞ்சு ஓவியர் பால் செசான்தான். 1906 அக்டோபர் 15-ல் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது புயல்மழையில் மாட்டிக்கொண்டு விழுந்தார். துணி வெளுக்கிறவர் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை தோட்டத்துக்குப் போய் மறுபடி வரைந்தார், மோசமாகித் திரும்பினார், ஒரு வாரத்தில் இறந்தார். வயது 67. செசானின் அந்த மறுநாள் காலையை வீரமாகச் சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. படுத்திருந்து பிழைத்திருந்தால் தான் திரும்பத் திரும்ப வரைந்த மலையை இன்னும் சில தடவை வரைந்திருப்பார்.

எனக்கு வந்தது சாதுவான வகை. எல்லாச் சுற்றலும் அப்படியல்ல. கூடவே பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். சாயாக்கடையில் உட்காரக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். வீடியோ பார்த்துத் தலையை உருட்டுகிற வேலையும் அப்போது வேண்டாம்.

அண்ணாந்து வரைவதை நான் விட்டுவிட்டேன், உயரமானதை வரைவதை விடவில்லை. மடியில் ஒரு முகக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தபடி மேற்கூரையை வரைகிறேன். பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கியிருக்கும் 90 விதப் பூக்களுக்கும் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கிறது. இடவலம் மாறித் தெரியும், அது தொந்தரவுதான். ஆனால் பழக்கத்தால் கை போடும் பூ நின்று, எதிரே இருக்கும் பூ தாளில் வருகிறது.

செங்கல் லிங்கம் இன்னும் பாக்கி. தபால் அட்டை என்று நான் கேலி செய்த 220 அடி தூரத்திலிருந்துதான் இனி அதை வரைய வேண்டும். அந்தப் பக்கத்தில் யாருக்காவது லிங்கம் முழுதும் தெரிகிற, கொஞ்சம் நிழலுள்ள மொட்டைமாடி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்குத் தாருங்கள். நாற்காலியை நாங்களே கொண்டுவருவோம்.