துணியும் சவ்வும்

சமையலறை சிங்குக்கு அடியில் பொருத்தப்படும் வடிகட்டிக்கு மூன்று குழாய்கள் உண்டு. ஆங்கிள் காக்கிலிருந்து தண்ணீரை உள்ளே கொண்டுவருவது முதலாவது. கிரானைட் மேடையில் துளையிட்டு நிறுத்திய சிறு குழாய்க்கு நல்ல தண்ணீரை ஏற்றுவது இரண்டாவது. பொருத்த வருபவர் 'ரிஜெக்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற கழிவுநீரை வெளியே தள்ளுவது மூன்றாவது. முதல் இரண்டையும் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கும் வீட்டார், மூன்றாவது சாக்கடைக் குழாயில் செருகப்பட்டதையும் கவனிப்பதில்லை, அலமாரிக் கதவு சாத்தப்பட்டபின் அதை நினைப்பதும் இல்லை. சின்ன காஞ்சிபுரம் போன்ற ஊரில், பழைய கதைகளோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது அந்த மூன்றாவது குழாய்தான்.

உப்பு மிகுந்த நீரையும் குறைந்த நீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்து நிற்குமானால், குறைந்த பக்கத்து நீர் தானாகவே மிகுந்த பக்கத்துக்குக் கசியும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். 1748இல் நொல்லே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாராயம் நிரப்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி இதைக் கண்டார். பம்பின் அழுத்தத்தால் இந்தப் போக்கை எதிர்த்திசையில் திருப்பினால் உப்பு பின்தங்கி நீர் மட்டும் கடந்துவரும். அதற்குப் பயன்படத்தக்க சவ்வை 1960ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம். அந்தப் பெயருடையவர் கண்ட சவ்வின் வழித்தோன்றல், வரதராஜப் பெருமாளின் ஊரில் சிங்குக்கு அடியில், இருட்டில், சேவை சாதிக்கிறது.

தடுக்கப்பட்ட உப்பு மாயமாவதில்லை. அது சவ்வின்மேல் படியாதிருக்க நீரின் ஒரு பகுதி அதைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் இவ்வாறு போகிறது.

வேகவதி ஆற்றங்கரையில், சமண காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தில், பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கும் அவ்வூரில், வடிகட்டுதலுக்கு முற்றிலும் வேறொரு பொருள் இருந்திருக்க வேண்டும். குடிநீரை மடித்த பருத்தித் துணியில் வடித்த பின்னரே பருகுவது சமண ஒழுக்கம். வடித்த நீரும் 48 நிமிடங்களுக்கே வடித்த நீராகக் கொள்ளப்படும். அதற்குமேல் வைத்திருந்தால் மீண்டும் வடிக்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் குழாயின் வாயில் கட்டப்பட்டு, சில நாளில் காப்பி நிறத்துக்கு மாறித் தொங்கும் வேட்டிக் கிழிசலும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் நோக்கம் நேரெதிர். கிழிசல் காப்பது குடிப்பவரை. சமணத் துணி காப்பது நீரில் வாழும் சிற்றுயிர்களை. ஆகவே வடித்ததோடு வேலை முடிவதில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி, தங்கியவற்றை எந்தக் கிணற்றிலிருந்து வந்தனவோ அந்தக் கிணற்றுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வேறு கிணற்றில் விட்டால் அந்த நீரின் தன்மை அவற்றுக்கு ஒவ்வாமல் போகலாம். எச்சத்துக்கும் சொந்த ஊர் உண்டு என்று எண்ணிய இந்த நுட்பம் எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இடம்பெறவில்லை.

வைணவர்களின் அக்கறை வேறு: நீரில் எதை நீக்குவது என்பதைவிட, எங்கிருந்து கொண்டுவருவது என்பது. வடதிசைப் பயணத்தில் தனித்து விடப்பட்ட இளம் இராமாநுசரை ஒரு வேடத் தம்பதியர் வழிநடத்தி வந்து, தண்ணீர் கேட்டு, அவர் கிணற்றில் முகந்து கொடுத்ததும் மறைந்தனர் என்றும், வந்தவர்கள் வரதரும் பெருந்தேவித் தாயாருமே என்று உணர்ந்த அவர், வரதரின் அடியாரான திருக்கச்சி நம்பியின் சொற்படி அந்தக் கிணற்று நீரையே நாள்தோறும் குடத்தில் சுமந்துவந்து பெருமாளுக்குச் சமர்ப்பித்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். செவிலிமேட்டை ஒட்டிய அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து கோயில்வரை நடந்தே வரவேண்டும்; அருகில் குளம் இல்லாமலா போயிற்று என்று கேட்பவருக்கு அந்தக் கதை புரியாது.

காஞ்சியில் பட்டு நூலின் பசையைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து நீக்குபவர்களுக்கும் நீரின் பிறப்பிடம் முக்கியம். கடினநீரில், அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த நீரில், சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் ஒட்டிப் பளபளப்பைக் கெடுக்கும். வீட்டில் இதற்கான சோதனை இன்னும் எளியது: துவரம்பருப்பு மலர்ந்து வேகாவிட்டால் அது உப்புத் தண்ணீர்.

இந்தச் சோதனையின் இடத்தை இப்போது டி.டி.எஸ். மீட்டர் பிடித்துக்கொண்டது. நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவே டி.டி.எஸ். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர்நிலை இல்லாதவிடத்து 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். வரதராஜர் கோயில் குளமான அனந்தசரஸிலிருந்து அத்திவரதர் எழுந்தருளிய அதே 2019இல், 500க்குக் குறைந்த நீருக்கு இந்தச் சவ்வுக் கருவியைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அரசுக்கு உத்தரவிட்டது. மீட்டர் காட்டும் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்னும் நம்பிக்கை அதனால் சிறிதும் குறையவில்லை.

கருவி இன்றியமையாத வீடுகளில், மூன்றாவது குழாயைச் சாக்கடையிலிருந்து பிடுங்கி ஒரு வாளியில் விடுவது கடினமன்று. அந்த நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போதுமானது. துளசி மாடத்துக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். உப்பு மண்ணில் தங்கிவிடும்.