பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவோம்

2024 நவம்பர் 26. அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றதில், அதில் பயணித்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். நம் வீரமுனைக்குப் பக்கத்தில்தான். அந்த நீரோட்டத்தில் தேர்ந்த நீச்சல்காரனும் தடுமாறியிருப்பான், உண்மைதான். ஆனாலும் வயலும் வாய்க்காலும் கடலும் சூழ்ந்த நம்மூர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும்?

நீச்சல் உயிர் காப்பதோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் 5 வயதுக்குட்பட்ட சுமார் 7000 பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்தது. நீந்தப் பழகிய சிறுவர்கள் பேச்சிலும் எண்ணறிவிலும் சொன்னதைக் கேட்டுச் செய்வதிலும் முந்தியிருந்தார்கள். பெற்றோர் சொன்ன கணக்குத்தான், ஆனால் நம்புகிறேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி விட்டு, மூன்று எண்ணித் தலை தூக்கும் பிள்ளையைப் பாருங்கள். மூச்சு, எண்ணிக்கை, கவனம் மூன்றும் ஒன்றாய்ப் பழகுகின்றன. டியூஷன் வகுப்பில் இது கிடைக்காது.

1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக்காரர். நம் கரையிலும் அப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களே, பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களே, பயிற்றுநரோடு நீச்சல் வகுப்பு தொடங்குங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் கட்டாயம் வேண்டும்.