இதயத்துக்குப் போகும் வழி

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், 81 வயதான எங்கள் அம்மாவின் மகாதமனி வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கிவிட்டது என்று தெரிந்தபோது, பிள்ளைகள் நாங்கள் மூவரும் செய்த முதல் காரியம் படிக்கத் தொடங்கியதுதான். புத்தகப் பித்துப் பிடித்தவர்களுக்கே உரிய வியாதி இது. ஆபத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மார்பைத் திறக்காமல் தொடையிலுள்ள தமனி வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்றார்கள். நாங்கள் வால்வின் வகைகளைப் படித்தோம். பசுவின் இதய உறையில் செய்வது எது, பன்றியினுடையதில் செய்வது எது என்றெல்லாம் விவாதித்தோம். வால்வு போகிற வழியைப் பற்றி மட்டும் எங்களுள் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவரோ அதைப் பற்றித்தான் பேசினார். சி.டி. படத்தைத் திரையில் போட்டுவிட்டு, நெஞ்சை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டார். தொடையிடுக்கில் நுழைய வேண்டும்; அங்கிருந்து இடுப்பெலும்புக் கூட்டுக்குள் வளைந்து செல்லும் தமனி வழியாக ஏறி, வயிற்றின் பெருந்தமனியை அடைந்து, வளைவைச் சுற்றி இதயத்துக்குள் இறங்க வேண்டும். அம்மாவின் வலப்பக்கத் தமனி அதன் குறுகலான இடத்தில் 5.6 மி.மீ. அந்தக் குழாய்க்குக் குறைந்தது 5.5 மி.மீ. வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. அம்மா குள்ளமான உருவம். பெண்களுக்குப் பொதுவாகவே நாளங்கள் சிறியவை, அதனால் இந்தச் சிக்கல்கள் அவர்களுக்குத்தான் அதிகம் என்றார் மருத்துவர். போதாக்குறைக்கு அந்த இடத்தில் ஒரு வளைவும், பின்சுவரில் சுண்ணாம்பும் இருந்தன. அந்த 0.1 மி.மீ. மிச்சத்தை நாங்கள் அன்று நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

குழாயின் அளவை அவர் 'பதினான்கு பிரெஞ்ச்' என்றார். பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஷாரியேர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. ஒரு பிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 14 பிரெஞ்ச் என்றால் 4.7 மி.மீ. உள்விட்டம். வால்வு கடக்கும் கணத்தில் குழாய் சற்று விரிந்துகொடுத்துப் பிறகு சுருங்கும். முதற்காலத்துக் குழாய்கள் 22, 24 பிரெஞ்ச். அதாவது 8 மி.மீ. வரை. அறுவைக்கே தகுதியற்றவர்கள் என்று கைவிடப்பட்ட முதியவர்களிடையே நடந்து 2010இல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வில், இம்முறையில் வால்வு பொருத்தப்பட்டவர்களில் 16.2 விழுக்காட்டினருக்குப் பெரிய இரத்தநாளச் சிக்கல் நேர்ந்தது. 2019இல் வந்த மூன்றாவது 'பார்ட்னர்' ஆய்வில் அது 2.2 விழுக்காடு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. பின்னதில் இருந்தவர்கள் இளையவர்கள், உடல்நிலை நன்றாயிருந்தவர்கள். ஆயினும் குழாய் மெலிந்ததும் ஒரு காரணம்தான். 2.2 என்ற எண்ணை எங்களுள் இளையவன் ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இந்தச் சிகிச்சையை உலகில் முதன்முதலாகச் செய்தவர் அலென் கிரிபியே. பிரான்சின் ரூவான் நகரில், 2002 ஏப்ரல் 16 அன்று. (2024இல் அவர் மறைந்தார்.) அந்த முதல் நோயாளிக்கு வயது 57. கால்களுக்குச் செல்லும் தமனிகள் முன்பே அடைபட்டிருந்ததால் அவ்வழியே போக இயலாமல், சிரை வழியாகச் சென்று, இதயத்தின் உட்சுவரைத் துளைத்து வால்வை வைத்தார்கள். வால்வு கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. அவரோ 17 வாரங்களில் இறந்துபோனார். இரத்த ஓட்டமற்றுப்போன காலை எடுக்க வேண்டியதாகி, அந்தப் புண் ஆறாமல் வந்த மரணம். இதை அம்மாவின் சிகிச்சைக்குப் பிறகுதான் படித்தோம். முன்பே படித்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

வேறு வழிகளும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். கழுத்துத் தமனி வழியாகப் போகலாம். தோளெலும்புக்கு அடியிலுள்ள தமனி வழியாகப் போகலாம். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. தொடை வழி என்றால் மயக்கம் குறைவு, மூன்றாம் நாள் வீடு. எங்களுள் மூத்தவள் கழுத்து என்றாள். மற்ற இருவரும் தொடை என்றோம். அம்மாவைக் கேட்டபோது, "எது சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புமோ அது" என்றார். ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், நாளக் கிழிவு, இரத்தப்போக்கு, கால் இழப்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டது தொடை என்று சொன்னவர்களில் ஒருவர்.

அன்று காலை ஒன்பதரைக்கு உள்ளே அழைத்துச் சென்றார்கள். பதினொன்றுக்கு முன்பாகவே ஒரு செவிலியர் வெளியே வந்து வால்வு நன்றாக அமர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் போன் செய்தோம். பிறகு ஒன்றரை மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. இரத்தப் பைகளுடன் ஒரு பையன் எங்களைக் கடந்து உள்ளே ஓடினான். யாருக்கு என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே நடந்ததை மருத்துவர் அன்று மாலை ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். பெரிய குழாயை நுழைப்பதற்கு முன்பே, கடைசியில் இறுக்கி மூடுவதற்கான தையல் நூல்களைத் தமனித் துளையின் ஓரத்தில் போட்டு வைத்துவிடுகிறார்கள். வேலை முடிந்து குழாயை மெல்ல இழுக்கையில், தொடைக்கு மேலே, அந்தக் குறுகலான வளைவில் நாளம் கிழிந்துவிட்டது. போட்டு வைத்த தையல் அங்கே எட்டாது. கையால் அழுத்தி நிறுத்தவும் முடியாது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. இரத்தம் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் வயிற்றின் பின்புறத்தில் தேங்கும். 130இல் இருந்த இரத்த அழுத்தம் 70க்கு இறங்கியது. அதற்குச் சற்று முன்பே, அரைமயக்கத்தில் இருந்த அம்மா அருகில் நின்ற தொழில்நுட்பரிடம், "தம்பி, முதுகு வலிக்குதுப்பா" என்று சொன்னாராம். திரையைப் பார்ப்பதற்கு முன்னால் தமக்குச் செய்தி சொன்னது அந்த வாக்கியம்தான் என்றார் மருத்துவர்.

முதலில் அவர்கள் செய்தது எங்களை வியக்கவைத்தது. எந்தக் குழாய் கிழித்ததோ அதே குழாயைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள், கிழிசலுக்கு அடைப்பானாக. அது முடிந்ததற்குக் காரணம், குழாயை இழுத்தபோதும் உள்ளிருந்த மெல்லிய கம்பியை எடுக்காமல் வைத்திருந்ததே. நாளம் நலமாக இருக்கிறது என்று சாயமேற்றிப் படம் பார்க்கும்வரை கம்பியை எடுப்பதில்லை என்பது அவர்களுடைய ஒழுக்கம். பின்பு இடது தொடை வழியாகச் சிறு குழாய் ஒன்றை ஏற்றி, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் கவட்டைத் தாண்டி வலப்பக்கம் இறக்கி, கிழிசலுக்கு மேலே பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு, காத்திருந்த அந்தக் கம்பியின் மீதே துணி போர்த்த ஸ்டென்ட் ஒன்றை ஏற்றிக் கிழிசலின் குறுக்கே விரித்தார்கள். இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்திருந்த ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுத்தார்கள். (அது சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் பொருள். சுத்த சைவமான அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.) இரத்தநாள அறுவை மருத்துவர் கத்தியுடன் தயாராக நின்றிருக்கிறார், அவருக்கு வேலை வரவில்லை. கிழிந்ததற்கும் மூடியதற்கும் இடையில் பதினெட்டு நிமிடம்.

யார்மேல் குற்றம் என்று மூத்தவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கவலை கால். ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் ஓட்டம் நின்றுவிடும். ஐ.சி.யூ.வில் ஒரு செவிலியர் அம்மாவின் வலது பாதத்தின் மேல், நாடி கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். முதலில் கால் மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கொருமுறை அந்தக் குறியின்மீது பேனா போன்ற ஒரு கருவியை வைப்பார்கள். அதிலிருந்து காற்றடிப்பது போன்ற ஓர் ஒலி, விட்டுவிட்டு வரும். பார்வை நேரம் பத்தே நிமிடம். நாங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததைவிடப் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததே அதிகம். சூடாக இருந்தது.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "தொடையிலா?" என்றார். அவர் பிறந்தது செய்யாற்றுப் பக்கம். திரௌபதை அம்மன் திருவிழாவின் பதினெட்டாம் போரன்று களிமண்ணால் பெரிதாகத் துரியோதனனைச் செய்து கிடத்தி, கூத்தில் வீமன் தொடையை அடித்துப் பிளக்கும் படுகளத்தைச் சிறுவயதில் ஆண்டுதோறும் பார்த்தவர். "உடம்பெல்லாம் வஜ்ஜிரம் அவனுக்கு. அங்கேதான் சாவு" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் நாள் வீடு என்றது எட்டாம் நாளாயிற்று. இப்போது மாடிப்படி ஏறுகிறார், மூச்சு வாங்குவதில்லை. வலது காலில் சில நாள் மரத்த உணர்வு இருக்கிறது என்கிறார். ஸ்கேனில் ஓட்டம் சரியாகவே இருக்கிறது. வால்வுக்கு ஓர் அட்டை, ஸ்டென்டுக்கு ஓர் அட்டை, இரண்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

வீடு வந்த வாரத்தில் உறவினர்கள் பார்க்க வந்தார்கள். இதய ஆபரேஷன் என்றால் தழும்பு எங்கே என்று பெரியம்மா கேட்டார். அம்மா நெஞ்சைத் தொட்டு, "இங்கே ஒன்றும் இல்லை" என்றார். "அப்புறம் எங்கேதான் அறுத்தாங்க?" என்று அவர் விடவில்லை. ஆண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா புடவையைப் பாதம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, காப்பி கொண்டுவரச் சொன்னார்.