ராகி முற்றும் காலத்தில் வனக்காவல்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ராகி முற்றும். அதே சமயத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும். வனத்துறையினர் இரவில் கண் விழிக்கும் காலம் இது.

வேட்டைத் தடுப்பு என்றால் துப்பாக்கிக்காரனைப் பிடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நாட்டுத் துப்பாக்கிகள் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் மின்வேலியும் அதே அளவு ஆபத்தானது. 2023 மார்ச்சில், பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. விவசாயி ஒருவர் கைதானார்.

இருட்டில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர் அப்படி ஒரு கம்பியை மிதித்தால் அவருக்கும் அதே கதிதான்!

2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் யானை வருவது சரணாலயத்தை ஒட்டிய வயலுக்கும்தான். ஒரே இரவில் ராகியை இழந்த குடும்பத்துக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைத்தால், அடுத்த வருடம் கம்பி இழுக்கும் எண்ணம் வராது. ரோந்தோடு சேர்த்து இதையும் செய்ய வேண்டும்.